நோயுற்ற மேனியும் ஓயாத பணியும்

தமிழகத்தின் விடுதலைப் போராட்ட வரலாற்றில் வ. உ. சிதம்பரனார், சுப்பிரமணிய பாரதியார், சுப்பிரமணிய சிவா ஆகிய மூவரையும் ஒருசேர எண்ணிப் போற்றுவது மரபாகிவிட்டது. கப்பலோட்டியவர் என்று ஒருவரையும், பாட்டெழுதியவர் என்று ஒருவரையும், மேடையில் முழங்கியவர் என்று ஒருவரையும் பாடநூல்கள் அறிமுகம் செய்கின்றன. இம்மூவருள் சிவாவைப் பற்றிய நினைவு மட்டும் பெரும்பாலும் 1908ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. அவ்வாண்டில் தூத்துக்குடியில் அவர் பேசிய காலமோ சில வாரங்களே. சிறையினின்று வெளிவந்த பின்னர், தொழுநோய் பற்றிய உடலோடு அவர் எழுதியும் பேசியும் நடந்தும் தொண்டாற்றிய காலம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை விட்டுவிட்டுச் சிவாவை மதிப்பிடுவது, நூலின் முன்னுரையை மட்டும் படித்துவிட்டு நூலைப் பற்றித் தீர்ப்புரைப்பதை ஒக்கும்.

பிறப்பும் இளமையும்

மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்து இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் அடங்கும் வத்தலக்குண்டு, தமிழ் உரைநடைக்குக் கொடை நல்கிய ஊர். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி. ஆர். ராஜமய்யரும், 'மணிக்கொடி'க் காலச் சிறுகதையாசிரியர் பி. எஸ். ராமையாவும் அவ்வூரினர். அதே ஊரில் 1884ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சிவா பிறந்தார். தந்தையார் பெயரும் ராஜம் ஐயரே. நாவலாசிரியர் வேறு, இவர் வேறு. தாயார் நாகலட்சுமி அம்மையார். குடும்பத்தில் செல்வம் இல்லை. இளம்பருவத்துக் கல்வி மதுரையில் நிகழ்ந்தது. பின்னர் வறுமை காரணமாகத் திருவனந்தபுரம் சென்று, அங்கே இலவசமாக உணவளித்த ஊட்டுப்புரையில் உண்டு படித்தார். மீனாட்சி அம்மையாரை இளவயதிலேயே மணந்தார்.

1906ஆம் ஆண்டளவில் வடநாட்டிலிருந்து வந்த ஆரிய சமாஜத்தைச் சேர்ந்த தாகூர் கான் சந்த் என்பவரின் சொற்பொழிவைத் திருவனந்தபுரத்தில் கேட்டது, சிவாவின் வாழ்வில் ஒரு திருப்பமாயிற்று. அங்கேயே தர்ம பரிபாலன சமாஜம் என்னும் அமைப்பைத் தொடங்கி, இளைஞரைக் கூட்டி நாட்டு விடுதலை பற்றிப் பேசலானார். திருவிதாங்கூர் அரசு அவரை வெளியேறுமாறு பணித்தது. கையில் பொருளும் தலைக்குமேல் கூரையும் இன்றி ஊர் ஊராகப் பேசிக்கொண்டே வந்தவர், 1908இன் தொடக்கத்தில் தூத்துக்குடியை அடைந்தார். வ. உ. சி. அவரைத் தம் இல்லத்தில் இருத்தி உணவளித்துப் பேணினார்.

அந்த நட்பின் பயன் சில நாட்களிலேயே தெரிந்தது. பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ. உ. சி. அமைப்பாளராக நின்றார், சிவா தம் பேச்சால் தொழிலாளரின் மனவுறுதி குலையாமல் காத்தார். வேலைநிறுத்தம் வெற்றியில் முடிந்தது. மார்ச் 12ஆம் நாள் இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த கிளர்ச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்து நால்வர் மாண்டனர். ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே அளித்த தீர்ப்பில் சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. வ. உ. சி.க்கு விதிக்கப்பட்ட இரண்டு ஆயுள் தண்டனைகளுள் ஒன்று, சிவாவின் அரசத்துரோகத்துக்கு உடந்தையாயிருந்தமைக்காக அளிக்கப்பட்டது. ஓர் ஏழைப் பேச்சாளருக்குச் சோறும் இடமும் தந்தமைக்கு இத்துணைப் பெரிய விலை வேறெங்கும் கேட்கப்பட்டிருக்குமா என்பது ஐயமே. மேல்முறையீட்டில் சிவாவின் தண்டனை ஆறாண்டாகக் குறைக்கப்பட்டது.

சிறையும் நோயும்

திருச்சிராப்பள்ளிச் சிறையிலும் சேலம் சிறையிலும் சிவா தண்டனைக் காலத்தைக் கழித்தார். அங்கே ஆட்டு மயிரைப் பதப்படுத்தும் கம்பளி வேலை அவருக்கு இடப்பட்டது என்றும், அதனால் தொழுநோய் பற்றியது என்றும் வரலாற்று நூல்கள் கூறும். மருத்துவ அறிவு இதனைச் சற்றுத் திருத்தியே ஏற்கும். தொழுநோய்க்கு ஒரு நுண்ணுயிரே காரணம் என்பதை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். மருத்துவம் பெறாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கி வாழ்வதாலேயே அது பெரும்பாலும் பரவுகிறது. உடலுக்குள் புகுந்தபின் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். மாந்தருள் மிகப் பெரும்பாலோர்க்கு அதனை எதிர்க்கும் ஆற்றல் இயல்பிலேயே உண்டு. எனவே கம்பளி மயிர் நோயைத் தந்தது என்று கொள்வதற்கில்லை. நெருக்கடியான அடைப்பும், போதாத உணவும், கடுமையான உழைப்பும் எந்த உடலின் எதிர்ப்பாற்றலையும் குலைக்கும் என்பது மட்டும் உறுதி. சிறைக்குள் நலமாகச் சென்றவர் நோயராக வெளிவந்தார். அந்த அளவில் சிறையின் பொறுப்பு நீங்காது.

1912ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் சிவா விடுதலை பெற்றார். அடுத்த மாதம் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வ. உ. சி. வெளிவந்தபோது, வரவேற்க வந்திருந்த மிகச் சிலருள் சிவாவும் ஒருவர். நோயால் மாறிப்போயிருந்த அவர் முகத்தை வ. உ. சி.யால் உடனே அடையாளம் காண இயலவில்லை என்பர். அப்போது சிவாவுக்கு வயது இருபத்தெட்டு.

இந்நோய் உடலில் நிகழ்த்துவது இன்னதென்று அறிந்தாலன்றி, பின்வந்த ஆண்டுகளின் அருமை விளங்காது. இது நரம்புகளைத் தாக்கும் நோய். கைகால்களில் முதலில் உணர்ச்சி மரத்துப்போகும். எழுதுகோலைப் பிடிக்கும் விரல்கள் நாளடைவில் வலுவிழந்து மடங்கும். காலில் முள் தைத்தாலும் கல் வெட்டினாலும் வலி தெரியாது. வலி தெரியாமையால் கால் ஓய்வு கொள்ளாது. ஓய்வின்மையால் புண் ஆழமாகும். ஆகவே தொழுநோயர்க்கு நடையே பெரும்பகை. அக்காலத்தில் இதற்குக் கிடைத்த மருந்து நீரடிமுத்து எண்ணெய் ஒன்றே எனலாம்; அதன் பயனோ சிறிது. நோயைத் தீர்க்கும் மருந்தாக டாப்சோன் 1940களிலேதான் வந்தது. வேலூரில் மருத்துவர் பால் பிராண்டு மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திக் காட்டியதும் அப்பத்தாண்டின் இறுதியில்தான். சிவாவுக்கு இவற்றுள் எதுவும் கிட்டவில்லை.

ஞானபானு

சிறையினின்று மீண்டவர் சென்னையில் குடியேறி, 1913இல் 'ஞானபானு' என்னும் மாத இதழைத் தொடங்கினார். மேடைப் பேச்சாளராகப் பெயர் பெற்றவர் இதழாசிரியரானதை நோயின் விளைவாக மட்டும் கருதுதல் பொருந்தாது. மேடைகள் குறைந்துபோயின என்பது உண்மையே. எனினும் இலக்கிய வரலாற்றில் அவ்விதழ் பெற்ற இடம், அது வேறு வழியின்றிச் செய்த வேலையன்று என்பதைக் காட்டும்.

பாரதியார் 1908 முதல் புதுச்சேரியில் தங்கியிருந்தார். 'இந்தியா' இதழ் 1910இல் நின்றுவிட்டது. அவர் எழுத்துக்கு ஆங்கில ஆட்சிக்குட்பட்ட தமிழகத்தில் களம் அரிதாயிருந்த நாட்கள் அவை. அந்நிலையில் ஞானபானு அவருக்கு இடமளித்தது. புனைபெயர்களில் அவர் எழுதியவை அதில் வெளிவந்தன. 'சின்னச் சங்கரன் கதை' அவற்றுள் ஒன்று. வ. உ. சி.யும் அதில் எழுதினார். அரசு கண்காணித்துக்கொண்டிருந்த இருவர்க்கு, அரசு கண்காணித்துக்கொண்டிருந்த மூன்றாமவர் நடத்திய இதழ் புகலிடமாயிற்று. நோயரான ஓர் ஆசிரியர் மாதந்தோறும் படி திரட்டி, அச்சகத்துக்கு அனுப்பி, கையொப்பக்காரர்களை வேண்டி நின்று நடத்திய இதழ் இல்லையேல், பாரதியின் உரைநடையில் சில பக்கங்கள் அச்சேறாமலே போயிருக்கக்கூடும்.

மொழி வரலாற்றிலும் ஞானபானுவுக்கு ஒரு குறிப்பிடத்தக்க இடமுண்டு. வடசொல் கலவாத தனித்தமிழில் கட்டுரை எழுதுவோர்க்கு ஐந்து ரூபாய் பரிசு என்று 1915இல் அவ்விதழ் அறிவித்தது. மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கம் 1916இல் தொடங்கியதாகக் கொள்வர். சிவாவின் சொந்த நடையோ வடசொற்கள் மிகுந்தது. தம்மால் எழுத இயலாத நடையைப் பிறர் எழுதக் காண விரும்பி, இல்லாத கையிலிருந்து பரிசும் அறிவித்த மனம் இங்கே கருதத்தக்கது.

அதே 1915ஆம் ஆண்டில் மீனாட்சி அம்மையார் மறைந்தார். கணவர் சிறைபுகுந்த நாளிலும், நோயராய்த் திரும்பிய நாளிலும் உடனிருந்த துணை நீங்கியது. அதன்பின் 'பிரபஞ்சமித்திரன்', 'இந்திய தேசாந்திரி' ஆகிய இதழ்களைச் சிவா நடத்தினார். 'ராமானுஜ விஜயம்', 'மத்வ விஜயம்', 'மோட்ச சாதன ரகசியம்', 'நளின சுந்தரி' முதலிய நூல்களையும் எழுதினார். சமயப் பெரியோர் வரலாறும், தத்துவமும், நாவலும் இப்பட்டியலில் ஒருங்கே அமைந்திருத்தல் காண்க. விரல்கள் ஒத்துழைக்க மறுத்த ஒருவரின் எழுத்துப் பணி இது.

ஊர்திகள் மறுத்த பயணம்

1921இல் சிவா துறவுக் கோலம் பூண்டு சுதந்திரானந்தர் என்னும் பெயரை ஏற்றார். துறவு அவரை அரசியலிலிருந்து விலக்கவில்லை. அவ்வாண்டிலேயே அரசத்துரோகப் பேச்சுக்காக மீண்டும் சிறை சென்றார்; உடல்நிலை காரணமாக 1922இன் தொடக்கத்தில் விடுவிக்கப்பட்டார்.

அரசுக்கு அவரை அடக்க இன்னொரு வழியும் இருந்தது. தொற்றுநோய் உடையோர் அனுமதியின்றி இரயிலில் பயணம் செய்வதை 1890ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டம் தடுத்தது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயர் சட்டம், வாடகைக்கு ஓடும் பொது ஊர்திகளில் தொழுநோயர் ஏறுவதையும், பொதுக் கிணற்றில் நீரெடுப்பதையும், உணவுப் பொருள் ஆக்கி விற்பதையும் தடுக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. உடல்நலம் பற்றிய இவ்விதிகள், அரசியல் தொண்டர் ஒருவர்மேல் பாயும்போது வேறொரு வடிவம் கொண்டன. சிவா இரயிலில் செல்லலாகாது என்று தடுக்கப்பட்டார். பேசக்கூடாது என்று ஆணையிட்டிருந்தால் அது அடக்குமுறை எனப்பட்டிருக்கும். ஏறக்கூடாது என்ற ஆணைக்கோ பொதுநலம் என்னும் பெயர் கிடைத்தது. தண்டனைக் காலம் முடிந்த பின்னரும் தொடர்ந்த தண்டனை அது. அதற்கு ஆண்டுக் கணக்கும் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை திருநின்றவூர் வழியாகவே செல்கிறது. சேலத்துக்கும் கோவைக்கும் செல்வோர் அன்றும் இன்றும் அவ்வழியே வண்டியேறிப் போகின்றனர். அரை நூற்றாண்டுக்கு மேலாக ஏழையும் செல்வரும் ஏறிச்சென்ற அவ்வண்டிகளில் சிவாவுக்கு மட்டும் இடமில்லை.

அவர் நடந்தார். இயன்றபோது மாட்டுவண்டியில் சென்றார். மதுரைச் சீமைக்கும் சேலம் மாவட்டத்துக்கும் இடையே ஊர் ஊராகத் தங்கி, கூடியவரிடம் பேசிச் சென்றார். இரயிலில் ஓரிரவில் கடக்கும் தொலைவு, நடையிலும் வண்டியிலும் பல நாள் பயணமாகும். வலி தெரியாத கால்களுக்கு நடை எத்தகைய கேடு என்பது மேலே கூறப்பட்டது. தடை எதனைத் தடுக்க எண்ணியதோ, அதுவே ஒருவகையில் மிகுதியாக நிகழ்ந்தது. இரயிலில் சென்றிருந்தால் பெரிய நகரங்களில் மட்டும் இறங்கியிருப்பார். நடந்தமையால் இடைப்பட்ட சிற்றூர்களும் அவர் குரலைக் கேட்டன. இதனைக் கூறுவது அத்தடையை நியாயப்படுத்துவதாகாது. அவ்வூர்களுக்கு அவர் கொடுத்த விலை, தம் கால்களே.

எழுப்பாத கோயில்

சிவாவின் இறுதி ஆண்டுகள், அன்று சேலம் மாவட்டத்திலும் இன்று தருமபுரி மாவட்டத்திலும் அமைந்த பாப்பாரப்பட்டியோடு பிணைந்தவை. சின்னமுத்து முதலியார் முதலிய அன்பர்களின் துணையால் அங்கே நிலம் கிடைத்தது. அதற்குப் பாரதபுரம் என்று பெயரிட்டுப் பாரத ஆசிரமம் அமைத்தார். அவ்விடத்தில் பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்பது அவர் கனவு. சாதியும் சமயமும் பாராமல் இந்தியர் எவரும் நுழைந்து வழிபடும் கோயிலாக அதனை எண்ணினார். ஆலய நுழைவு உரிமை பலர்க்கு மறுக்கப்பட்டிருந்த 1920களில் இது புரட்சியான எண்ணம். ஊர்தியில் ஏற மறுக்கப்பட்ட ஒருவர், எவரையும் வாசலில் தடுக்காத ஓர் இடத்தைக் கட்ட விரும்பினார் என்பதும் உணரத்தக்கது. வங்கத்துத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் 1923இல் வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். பொருள் சேரவில்லை. உடலும் நாளும் ஒத்துழைக்கவில்லை. கோயில் அவர் வாழ்நாளில் எழவில்லை.

பொருளின்றிக் கோயில் கட்ட முனைந்தவர் ஒருவரைத் தமிழ் மரபு முன்பே அறியும். திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார், கல்லும் மரமும் வாங்க வழியின்றி, மனத்துக்குள்ளேயே அடித்தளமிட்டுச் சிகரம் வைத்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்குச் செய்ய இருந்த பல்லவ வேந்தன் கனவில் இறைவன் தோன்றி, நாளை மாற்றிக்கொள்ளுமாறு பணித்தான் என்று சேக்கிழார் பாடினார். அரசன் தேடி வந்தபோது ஊரில் கட்டடம் எதுவும் காணப்படவில்லை. அவ்வூரில் இன்று இருதயாலீசுவரர் கோயில் நிற்கிறது.

இவ்விரு வரலாறுகளுக்கும் ஒற்றுமை உண்டு, வேற்றுமையும் உண்டு. பூசலாரின் உள்ளத்துக் கோயிலை அரசன் தேடிவந்து வணங்கினான். சிவாவின் உள்ளத்துக் கோயிலை அன்றைய அரசு ஐயத்தோடு நோக்கியது. பூசலார் இருந்த இடத்திலிருந்தே கட்டினார். சிவா அதற்காக ஊர் ஊராக அலைந்து மக்களிடம் கையேந்தினார். எனினும் கண்ணுக்குத் தெரியும் கட்டடமே பணியின் அளவு என்று கொள்வார்க்கு இருவருமே விடை பகர்கின்றனர். தொழுநோயால் உறுப்பு குறைந்தவரையும், அவர் சிவனடியாராயின் வணங்கத்தக்கவராகக் கண்ட அப்பரின் தாண்டகத்தையும் இங்கே நினைத்தல் தகும். அந்நெறி பாட்டில் இருந்தது. சட்டத்தில் ஏற மிக நெடுங்காலம் பிடித்தது.

மறைவும் அதன் பின்னரும்

மதுரை வரை சென்று திரும்பிய சிவா, பாப்பாரப்பட்டியில் 1925ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் மறைந்தார். நாற்பத்தோராம் ஆண்டு நிறையவில்லை. சிறைவாயிலைக் கடந்து வந்தது முதல் மூச்சு அடங்கியது வரை பன்னிரண்டு ஆண்டும் எட்டு மாதமும் ஆகின்றன. அக்காலத்தில் அவர் செய்தவை இதழ்கள் மூன்று, நூல்கள் பல, மீண்டும் ஒரு சிறைவாசம், ஓர் ஆசிரமம், ஓர் அடிக்கல், அளவிடப்படாத நடை. அவர் கனவு கண்ட இடத்தில் பிற்காலத்தில் தமிழக அரசு மணிமண்டபமும் பாரத மாதா நினைவாலயமும் அமைத்தது.

நோயின் வரலாறும் மாறியது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறர்க்குப் பரவும் தன்மை பெரிதும் நீங்கிவிடுகிறது; உரிய காலத்தில் கண்டால் உறுப்புக் குறையும் வருவதில்லை. இந்தியாவில் 1995ஆம் ஆண்டின் சட்டமும் அதற்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டின் சட்டமும் தொழுநோய் நீங்கியோரை உரிமைக்குரிய மாற்றுத்திறனாளர் வரிசையில் சேர்த்தன. 1898ஆம் ஆண்டின் தொழுநோயர் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் காட்டும் பிரிவுகள் 2019இல் அகற்றப்பட்டன. சிவா மறைந்து தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னரே அந்தச் சட்டம் ஏட்டிலிருந்து மறைந்தது.

சிவாவை இரங்கத்தக்கவராகக் காட்டும் எழுத்துகள் பல உள்ளன. அவர் நோய்ப்பட்டதைச் சொல்லிக் கண்ணீர் வரவழைத்து, அவர் செய்த வேலையைச் சொல்லாமல் விடுவது எளிது. நோய் அவருக்கு நேர்ந்தது. பணி அவர் தேர்ந்தது. உடற்குறையோடு உழைப்பவர்க்குப் பெரும்பாலும் தடையாக நிற்பது உடல் மட்டுமன்று. வண்டியில் ஏறலாகாது என்னும் விதியும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கூட்டமும், இனி இவரால் என்ன இயலும் என்னும் முடிவும் சேர்ந்தே தடுக்கின்றன. இவற்றுள் முதலாவதைச் சட்டம் நீக்கலாம். ஏனைய இரண்டையும் நீக்கும் வேலை, சொல்லை ஆளுவோர்க்கும் உரியது. பாரதிக்குப் பக்கம் ஒதுக்கித் தந்த அந்த இதழாசிரியரின் வாழ்க்கையை, கவிதை எழுதுவோர் மறவாதிருக்க இதுவே போதிய காரணம்.